இரண்டு பக்கமும் திரும்புகிறது

நீங்கள் சாத்தூர் வரைக்குமா? நல்லதாகப் போயிற்று. நானும் சாத்தூர்தான். அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுங்கள், காற்று வரட்டும். ஒன்று கவனித்தீர்களா சார்? நான் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறேன். உடம்பைத் திருப்பவில்லை. இடுப்பைத் திருப்பவில்லை. கழுத்தை மட்டும் திருப்பி. இரண்டு மாதத்துக்கு முன்னால் நீங்கள் இதே மாதிரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், சாத்தூர் வரைக்கும் என் காதோடுதான் பேசிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

இதோ, இடது பக்கம். கண்டக்டர் தெரிகிறார். இதோ, வலது பக்கம். நீங்கள் தெரிகிறீர்கள், உங்களைத் தாண்டி வேலிக்கருவை தெரிகிறது, அதையும் தாண்டி ஏதோ சிமெண்டுக் குழாய் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அது தெரிகிறது. இந்தப் பாதையில் குழாய் அடுக்கியிருக்கிறார்கள் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். நானே காலையிலிருந்து சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நேராக பெர்சிஸ் கையிலிருந்து வருகிறேன். பெர்சிஸ் பிசியோதெரபி பார்க்கிற பெண். "தலை லேசா இருக்கும் அண்ணாச்சி, கொஞ்ச நேரம் பெஞ்சுல உக்காந்துட்டுப் போங்க" என்றாள். எங்கே உட்காருவது? மூட்டை தூக்குகிறவர் மூட்டையை இறக்கிய உடனே நாலு எட்டு நடப்பார் பாருங்கள், கால் தரையில் பாவாது. அப்படி இருக்கிறது. மாடிப்படியில் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினேன். எனக்குப் பாட்டே தெரியாது.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களை நான் மறுபடி பார்க்கப் போவதில்லை, அதனால் சொல்கிறேன். இன்றைக்குச் சாத்தூரில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். கோயில் மண்டபத்தில் தட்டு மாற்றுகிறார்கள். எல்லோரும் காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். தட்டைக் கையில் எடுத்துவிட்டுப் பெரியவர் ஒருவர் கேட்பார் அல்லவா, பெண்ணைப் பெற்றவருக்குச் சம்மதமா என்று? அப்போது எல்லோரும் என் தலையைப் பார்ப்பார்கள். அப்போது நான் தலையை ஆட்டப் போகிறேன். சாய்க்க மாட்டேன். ஆட்டுவேன். இப்படி. இடது, வலது, இடது, வலது. வேண்டாம் என்று.

அதற்குத்தான் சார் இத்தனை நாள் அந்தப் பெண்ணிடம் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு கிடந்தேன்.

என் பெயர் தவசிலிங்கம். விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் சரக்குப் பார்க்கிறவன். மிளகாய் வத்தல் மூட்டை வந்து இறங்கும். விவசாயி ஒரு பக்கம் நிற்பார், முதலாளி ஒரு பக்கம் நிற்பார். நான் மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பேன். ஒன்றை ஒடிப்பேன். விதையைப் பார்ப்பேன். முகர்வேன். அப்புறம் தலைதான். சாய்த்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டினால் வேண்டாம், அடுத்த மூட்டை. வாயைத் திறக்கிற வழக்கம் கிடையாது. அது ஒரு மரியாதை. வெயிலில் நின்று விளைய வைத்தவர் முகத்துக்கு நேரே உன் சரக்கு சொத்தை என்று எப்படிச் சொல்வது? தலை ஆடினால் அவருக்கே புரிந்துவிடும். மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த மண்டிக்குப் போவார். அடுத்த வருஷம் அவரே சிரித்துக்கொண்டு வருவார்.

வீட்டிலும் அதுவே பழகிவிட்டது. ராஜக்கனி, என் வீட்டுக்காரி, அடுக்களை வாசலில் நின்றுகொண்டு கேட்பாள். "என்னங்க, தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு முந்தின நாளே போகட்டா?" தலை ஆடும். "என்னங்க, எல்லாரும் ராமேஸ்வரம் போறாங்களாம், நானும் போகட்டா?" தலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இன்றுவரை முடியாது என்ற சொல்லை அவளிடம் நான் சொன்னதே கிடையாது. எத்தனை புருஷன்மார் நெஞ்சைத் தொட்டு இப்படிச் சொல்ல முடியும், சொல்லுங்கள் பார்ப்போம். ஒரு கடுஞ்சொல் கிடையாது.

சுகந்தி, என் மகள், அவளிடமும் அப்படித்தான். மெட்ராசில் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றாள். ஆட்டினேன். மதுரையில் கிடைத்திருக்கிறது என்றாள். ஆட்டினேன். பக்கத்துத் தெருவில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்றாள். சாய்த்தேன். ஒரு சத்தம் உண்டா, ஒரு சண்டை உண்டா? அவ்வளவு அமைதியான வீடு சார் எங்கள் வீடு. ஊசி விழுந்தால் கேட்கும்.

மாசி மாதம், வத்தல் வரத்து நெரிகிற சமயம். காலையில் மண்டிக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறேன். சுகந்தி வந்து எதிரே நின்றாள். "அப்பா, சாத்தூர்ல வைரமணின்னு ஒருத்தர். மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கார். நான் அவரைக் கட்டிக்கிறதா இருக்கேன்" என்றாள்.

கட்டிக்கட்டுமா என்று கேட்கவில்லை, கவனியுங்கள். கட்டிக்கிறதாக இருக்கிறாளாம். அதை விடுங்கள், நான் அதைப் பெரிதுபடுத்துகிற ஆள் இல்லை. எங்கள் ஆட்கள்தான், நல்ல குடும்பம்தான், கடையும் நன்றாக ஓடுகிறது. பிரச்சினை அந்தப் பையனுடைய வாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் கபடிப் போட்டிக்கு வர்ணனை செய்யப் போய்விடுவான். எங்கள் ஊர் மைதானத்தில் ஒருமுறை நடந்தது. மண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன், குழாய் ஒலிபெருக்கியில் ஒருத்தன் பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். ஆள் பாய்வதற்கு முன்னாலேயே பாய்ந்துவிட்டார் என்கிறான். விழுந்தவனைப் பற்றி ஒரு பாட்டு, எழுந்தவனைப் பற்றி ஒரு பாட்டு. யார் இவன், இவனுக்குத் தொண்டை என்ன தகரமா என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். "சாத்தூர் வைரமணி அண்ணாச்சி, ரொம்பப் பிரபலம்" என்றார். அந்த வாய் என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

ஆட்டினேன். வழக்கமாக ஆட்டுகிறதைவிடக் கொஞ்சம் வேகமாக. முதல் வீச்சு இடது பக்கம் போயிற்று. திரும்பி வரவில்லை.

கழுத்துக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி சார். தலை இடது தோளைப் பார்த்துச் சாய்ந்தபடி நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியில்.

இப்போது நீங்கள் அவள் இடத்தில் நின்று பாருங்கள். நம் ஊரில் தலையைச் சாய்த்தால் என்ன அர்த்தம்? அப்பா தலையைச் சாய்த்திருக்கிறார். கண் வேறு கலங்கியிருக்கிறது. தொப்பென்று காலில் விழுந்துவிட்டாள். சத்தம் கேட்டு ராஜக்கனி கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னங்க, சரின்னுட்டீங்களா?" என்றாள். நான் தலையைத் திருப்பப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. "சரின்னுட்டாருடி!" என்று கரண்டியோடு மகளைக் கட்டிக்கொண்டாள். என் வெள்ளைச் சட்டையெல்லாம் சட்னி.

வாயால் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சார், பெற்ற பெண் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அந்த நேரத்தில் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல நான் என்ன கல்நெஞ்சக்காரனா? தலையை ஆட்டுவது வேறு விஷயம்.

அதற்கு அடுத்த நாள் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நீங்கள் வக்கீலா? இல்லையா? சும்மா கேட்டேன்.

முதலில் சலூனுக்குத்தான் போனேன். முடி வெட்டி முடித்ததும் தாடையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்புவார்களே, மளுக்கென்று சத்தம் வருமே, அதற்கு. "ஒரே சொடுக்கு அண்ணாச்சி, பம்பரமாச் சுத்தும்" என்று அவரும் தாடையில் கை வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ராஜக்கனி காய்கறிப் பையோடு தெருவில் போகிறாள். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டாள். ஆம்பிளைகள் சலூன் சார். உள்ளே வந்துவிட்டாள். ஒருத்தர் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறார். "கைய எடுங்க. எங்க வீட்டுக்காரர் கழுத்து அது, முறுக்கித் திருக வேட்டுக் குழாய் இல்ல" என்றாள். அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. நுரைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

அவள்தான் பெர்சிஸிடம் கூட்டிக்கொண்டு போனாள். மருந்துக் கடைக்கு மேலே மாடி. சின்னப் பெண், கண்ணாடி போட்டிருக்கிறாள். எடுத்த உடனே கழுத்தில் கை வைப்பாள் என்று பார்த்தால், கேள்வி. தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா, கைவிரல் மரத்துப்போகிறதா, பார்க்கிறது இரண்டாகத் தெரிகிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை. அப்படியும் விடவில்லை, எலும்பு டாக்டரிடம் அனுப்பிப் படம் எடுத்து வரச் சொன்னாள். சலூன் கதையை ராஜக்கனி சொன்னதும் அவளுக்கு முகம் மாறிவிட்டது. "நல்லவேளை அக்கா நீங்க போனீங்க. கழுத்துக்குள்ள மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஓடுது. தெரியாம முறுக்கினா வேற மாதிரி ஆயிடும்" என்றாள். ராஜக்கனி என்னைப் பார்த்தாள். நான் தலையைச் சாய்த்தபடி இருந்தேன். வேறு எப்படி இருக்க முடியும்?

படம் வந்ததும் கேட்டேன், எந்த எலும்பு விலகியிருக்கிறது என்று.

"எதுவும் எங்கயும் போகல அண்ணாச்சி. அதது அந்தந்த இடத்துல இருக்கு. சதைதான் பயந்துபோய் இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கு."

"பயமா? என் கழுத்துக்கா?"

"ஆமா."

"எதுக்குப் பயம்?"

"அதை நீங்கதான் அதுகிட்டக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. மண்டியில் என் தலை அசைந்தால் மூட்டையே நடுங்கும் சார்.

ஆனால் கை, அது என்ன கை! குப்புறப் படுக்கப் போட்டு, முகத்துக்கு ஓட்டை வைத்த கட்டில் அது, சூடான பை ஒன்றைக் கழுத்தில் வைப்பாள். அப்புறம் இரண்டு கட்டைவிரலையும் கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் ஊன்றி மெல்ல அழுத்துவாள். விடுவாள். அழுத்துவாள். விடுவாள். முறுக்குவது கிடையாது, மளுக்கென்று சத்தம் கிடையாது. "சத்தம் வரணுமே?" என்று கேட்டேன். "சத்தம் வந்தா அது காத்துக் குமிழ். சத்தத்துக்கும் சொகத்துக்கும் சம்பந்தமில்ல" என்றாள். சாக்குக்குள் ஈரம் இருக்கிறதா என்று நான் அழுத்திப் பார்ப்பேன், அதே மாதிரி என்னை அழுத்திப் பார்க்கிறாள். நான் தேறுவேனா மாட்டேனா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

முதலில் வலிக்கும். அப்புறம் வலிக்கிற இடத்திலேயே ஒரு சூடு பிறக்கும். அந்தச் சூடு தோளுக்கு இறங்கும், தோளிலிருந்து முழங்கைக்கு. மூச்சு தானாக ஆழமாகப் போகும். வயிறு கடமுடா என்று சத்தம் போடும், கழுத்துக்கும் வயிற்றுக்கும் என்ன உறவோ. அப்புறம் தூக்கம். பட்டப்பகலில், ஒரு பெண்பிள்ளை எதிரில், குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். எழுந்து பார்த்தால் தலை கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். மறுநாள் காலையில் பாதி திரும்பச் சாய்ந்திருக்கும். போய்ச் சண்டை போட்டேன். அவள் சொன்னாள், "வலி வலின்னு மூளைக்குப் போற கூச்சலை நான் கொஞ்ச நேரம் அடக்கி வைக்கிறேன். அவ்வளவுதான் என் கை. அந்த நேரத்துல நீங்க அசைக்கணும். அசைச்சாத்தான் நிக்கும்."

ஒரு நாள் அவள் அழுத்திக்கொண்டிருக்கும்போது உள்ளே ஏதோ ஒரு முடிச்சு இளகியது. நிஜமாகவே இளகியது சார், வெல்லம் இளகுகிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணமே இல்லை. ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சிரிக்கிறேன், நிறுத்த முடியவில்லை, கட்டில் ஆடுகிறது. வெளியே பெஞ்சில் இருந்த ராஜக்கனி பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "என்னம்மா, அழுறாரா?" என்றாள். "சிரிக்கிறாருக்கா." "இவரா?" என்றாள். நின்று பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். பெர்சிஸும் சிரித்தாள். போகும்போது ராஜக்கனி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் கேட்பாள் சார், அவ்வளவு அக்கறை. "ரெண்டு பக்கமும் எப்பம்மா நல்லாத் திரும்பும்?"

இதற்கு நடுவில் வீட்டில் நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். ராஜக்கனி என் இடது பக்கமாக வந்து நிற்பாள். "என்னங்க, வீட்டுக்குக் கிளிப்பச்சை அடிக்கட்டா?" தலை சாய்ந்திருக்கிறது. அடித்துவிட்டார்கள். தெருமுனையிலிருந்தே கண் கூசுகிறது. இப்போது பழகிவிட்டது, ஆனால் அது வேறு. "என்னங்க, இந்தப் பூனை உள்ளே இருக்கட்டுமா?" இருந்துவிட்டது. நான் சூட்டுப் பை வைத்துக்கொண்டால் வந்து என் தோளில்தான் படுக்கிறது. சூட்டுக்காகத்தான். நான் நகர்ந்தால் அதற்குத் தூக்கம் கெடுகிறது, அதனால் நகர்வதில்லை. "என்னங்க, நான் ஸ்கூட்டர் பழகட்டா?" பழகிவிட்டாள். பெர்சிஸிடம் போக நான்தான் பின்னால் உட்காருகிறேன். தெருவே பார்க்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வேகத்தடையில் ஏற்றினால் இலை விழுந்த மாதிரி இறக்குவாள். அந்த வித்தையை யாரிடம் கற்றாள் என்று தெரியவில்லை.

மண்டியில் அதைவிட அநியாயம். தவசிலிங்கம் அண்ணாச்சி தலை சாய்ந்தே இருக்கிறதாம் என்று சுற்றுவட்டாரமெல்லாம் சேதி போய், நான் வருஷக்கணக்காக ஆட்டி அனுப்பிய சரக்கெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டது. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சி, கழுத்து நேரானதும் வாங்க" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பயிற்சி ஒன்று கொடுத்தாள் பெர்சிஸ். காலையும் மாலையும் தலையை மெல்ல இடது பக்கம் திருப்ப வேண்டும், மெல்ல வலது பக்கம் திருப்ப வேண்டும். அதாவது சார், எனக்கு வேண்டாம் சொல்லப் பயிற்சி! எவ்வளவு ஆசையாகச் செய்தேன் தெரியுமா? வேண்டாம், வேண்டாம், வேண்டாம். கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு. ராஜக்கனி காப்பியோடு வந்து நின்று, "இது பயிற்சியா, பதிலா?" என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரை நீட்டுவாள்.

ஆனால் ஒரு அளவுக்கு மேல் போகவில்லை. வலது பக்கம் ஒரு இடத்தில் வந்து நின்றுவிடும். வேலி போட்ட மாதிரி. பெர்சிஸ் கை வைத்தாலும் அந்த இடத்தில் கழுத்து முரண்டு பிடிக்கும்.

அப்போதுதான் வீட்டு மோட்டார் புகைந்துபோயிற்று. "என்னங்க, சாத்தூர்ப் பிள்ளைய வரச் சொல்லட்டா?" இடது பக்கம்தான் நிற்கிறாள். வந்தான். நான் கொல்லையில் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். அவன் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான், அதுவே அவனுக்கு மூச்சு முட்டியிருக்கும். நான் மெல்லத் தலையைத் திருப்பினேன். திருப்புளியை வாய்க்கு நேரே மைக் மாதிரி பிடித்துக்கொண்டான்.

"இதோ களத்தில் விருதுநகர் வீரர், எங்கள் மாமா! மெல்ல நகர்கிறார்... வலப்பக்கம் நகர்கிறார்... எதிரணி அசையாமல் நிற்கிறது... வேலியை நெருங்கிவிட்டார், ரசிகர்களே, இதே இடத்தில்தான் நேற்றும் மடக்கப்பட்டார்! விடுவாரா மாமா? மூச்சை இழுக்கிறார்... விடுகிறார்... தாண்டுகிறார்... தாண்டுகிறார்... தொட்டாச்சு! தொட்டாச்சு! போனஸ் புள்ளி!"

சுகந்தி ஜன்னலில் நின்று கை தட்டுகிறாள். பூனை சுவரில் ஏறிவிட்டது. நான் பார்த்தால், என் வலது தோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் சார். எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து! ஒரு நூல் பிரிந்திருந்தது சட்டையில். அவன் கேட்டான், "மாமா, இன்னொரு ரெய்டு?" போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அதற்கப்புறம் அவன் சும்மா சும்மா வந்தான், மோட்டாரில் சத்தம் வருகிறதா பார்க்கிறேன் என்று. ஒரு சத்தமும் இல்லை அதில். ஒரு நாள் அவன் வரவில்லை, அன்றைக்குப் பயிற்சி சப்பென்று இருந்தது. வாயாடி வராதது நிம்மதிதான், ஆனால் சப்பென்று இருந்தது.

பெர்சிஸ் அளந்து பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டாள். "என்ன அண்ணாச்சி, திடீர்னு இவ்வளவு?" என்றாள். "எல்லாம் உன் கைராசிம்மா" என்றேன். உண்மை அதுதானே? வேறென்ன?

அப்புறம் தேதி குறித்தார்கள். இன்றைக்கு. பெர்சிஸின் கடைசி நாளும் இன்றைக்கு. என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், எதேச்சையாக இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்தது. "நீங்க வேன்ல போங்க, நான் பெர்சிஸ்கிட்ட ஒரு கை வாங்கிட்டு பஸ்ல வந்துடறேன்" என்றேன். ராஜக்கனி மறுபேச்சுப் பேசவில்லை. "அதான் நல்லது, முழுசாச் சரி பண்ணிக்கிட்டே வாங்க" என்றாள். பாவம். தன் வாயாலேயே சொல்லி அனுப்புகிறாள்.

ஆர்.ஆர். நகர் தாண்டிவிட்டதா? பார்க்கிறேன். இருங்கள், நானே திரும்பிப் பார்க்கிறேன், நீங்கள் சொல்லாதீர்கள். ஆ! தாண்டிவிட்டது. பின்னால் போர்டு தெரிகிறது. பின்னால் சார்! பின்னால் இருக்கிறதைப் பார்க்கிறேன்!

போன் அடிக்கிறது. சுகந்திதான். ஸ்பீக்கரில் போடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசக் கூடாது என்று பெர்சிஸ் உத்தரவு.

"அப்பா, பஸ் ஏறிட்டீங்களா?"

"ம்."

"கழுத்து?"

"திரும்புது."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்."

பார்த்தீர்களா சார், இவளுக்கும் அம்மா மாதிரியே அக்கறை.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். நேர்ல சொன்னா அழுதுருவேன், அதான் போன்ல. அன்னைக்கு நீங்க சரின்னு சொல்லல. எனக்குத் தெரியும்."

இருங்கள் சார், சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன்.

"மொதல்ல தெரியலப்பா. சந்தோஷத்துல கால்ல விழுந்துட்டேன். சாயங்காலம் அம்மா தைலம் தேய்க்கும்போது பார்த்தேன், தலை அப்பவும் அப்படியே இருந்துச்சு. நீங்க ஆட்ட வந்தீங்க, பிடிச்சுக்கிச்சு. அவ்வளவுதானே? பெயிண்டுக்கும் பூனைக்கும் உங்க கழுத்த வச்சு ஏமாத்தினோம். ஸ்கூட்டருக்கும்தான். இதுக்கு ஏமாத்த மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். கழுத்து முழுசாத் திரும்பட்டும், அப்புறம் அப்பாவே சொல்லட்டும்னுதான் பெர்சிஸ் அக்காவக் கேட்டு இந்தத் தேதி வச்சோம். வைரமணிகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

மண்டபத்தில் மைக் கட்டுகிறார்கள் போலிருக்கிறது. கேட்கிறதா உங்களுக்கு? அவன்தான். ஹலோ ஹலோ என்று சரிபார்க்கிறான். நல்லவேளை, மைக் கையில் இருக்கிற நேரத்தில்கூடக் கொஞ்சம் குரல் நடுங்குகிறது அவனுக்கு.

"அப்பா, எல்லார் முன்னாடியும் ஆட்ட வேணாம்ப்பா. அவரோட அம்மா பாவம். இப்பவே சொல்லிருங்க. வேணாம்னா நாங்க வேன்ல ஏறி வீட்டுக்கு வந்துடுறோம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்லுங்கப்பா."

இருங்கள் சார். ஒரு நிமிஷம். என்னைப் பாருங்கள், நன்றாகப் பாருங்கள். இடது பக்கம் போகிறதா? போகிறது. வலது பக்கம்? வேலியே இல்லை, எண்ணெய் போட்ட கீல் மாதிரி போகிறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. பார்த்துவிட்டீர்களா? சரி. இப்போது பாருங்கள்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

இருக்கிறேனே. சொல்லிவிட்டேனே. ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஓ. போனில் தெரியாது. ஆமாம். எப்படித் தெரியும்.

"அப்பா?"

இதைப் பிடியுங்கள் சார். தயவுசெய்து பிடியுங்கள், எனக்கு வாய் வரவில்லை, வழக்கமும் இல்லை. நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள் அல்லவா? சுகந்தி என்று பெயர். பயப்படாமல் பேசுங்கள். அப்பா தலையைச் சாய்த்தார் என்று சொல்லுங்கள். இல்லை, அது மட்டும் சொன்னால் நம்ப மாட்டாள். வலி இல்லாமல் சாய்த்தார் என்று சொல்லுங்கள். சாய்த்துவிட்டு, நிமிர்த்தி, மறுபடியும் சாய்த்தார் என்று சொல்லுங்கள்.